ஒன்பது மீட்டர் தள்ளி எழுந்த கோபுரம்: எமரால்டு கோர்ட் வழக்கு

டெல்லியை ஒட்டி உத்தரப் பிரதேசத்தில் உள்ள நொய்டாவின் இரட்டைக் கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28 பிற்பகல் 2.30 மணிக்கு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்க்காதவர்கள் குறைவு. 3,700 கிலோ வெடிமருந்து வைத்தார்கள். சில நொடிகளில் இரண்டும் மண்ணாயின, சுமார் 80,000 டன் இடிபாடு மிஞ்சியது. அந்தத் தூசி மேகத்தைப் பற்றி நாடே பேசியது. அதன் பக்கத்திலேயே குடியிருந்து, அந்தக் கோபுரங்களை எதிர்த்துப் பத்து வருடம் வழக்காடிய வீட்டுக்காரர்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. வீடு வாங்கப் போகிற ஒவ்வொருவருக்கும் தேவையான பாடம் அவர்களுடைய வழக்கில்தான் இருக்கிறது.

கேள்வி எளியது. நான் வாங்கும் வீட்டுக்குப் பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று விற்பவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதை அவர் எனக்குச் சொல்லியாக வேண்டுமா?

தோட்டம் இருந்த வரைபடம்

சூப்பர்டெக் என்ற கட்டுமான நிறுவனத்துக்கு நொய்டா 93ஏ செக்டாரில் 48,263 சதுர மீட்டர் மனையை, அங்கே நில ஒதுக்கீட்டையும் கட்டட அனுமதியையும் பார்க்கும் நொய்டா ஆணையம் 2004 நவம்பரில் குத்தகைக்கு ஒதுக்கியது. எமரால்டு கோர்ட் என்று பெயர். 2005 ஜூனில் அனுமதி பெற்ற முதல் வரைபடத்தில் 14 கட்டடங்கள், ஒவ்வொன்றும் தரைத்தளமும் 9 மாடியும். 2006இல் ஆணையம் கூடுதலாக 6,556.51 சதுர மீட்டர் நிலத்தைக் கொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வரைபடம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு, மாடிகள் 11 ஆயின. இன்னொரு 11 மாடிக் கட்டடம், ஒரு சிறிய 4 மாடிக் கட்டடம், ஒரு வணிக வளாகம் ஆகியவையும் சேர்ந்தன. டி-1 என்ற கட்டடத்தை ஒட்டிப் பசுமைப் பகுதி இருந்தது. வாங்கியவர்கள் இதைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். அளவான உயரம், கண்ணெதிரே தோட்டம், நடுவில் காற்றோட்டம்.

2009 நவம்பர் 26இல் இரண்டாவது திருத்தம் வந்தது. சிறிய கட்டடமும் வணிக வளாகமும் வரவிருந்த இடத்தில், தோட்டத்தையும் விழுங்கிக்கொண்டு, டி-16, டி-17 என்று இரண்டு கோபுரங்கள் முளைத்தன. தலா 24 மாடி. 2012 மார்ச்சில் மூன்றாவது திருத்தம் அதை 40 மாடியாக்கியது, உயரம் சுமார் 121 மீட்டர். குதுப் மினார் 73 மீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால், 11 மாடி வீட்டின் பால்கனிக்கு எதிரே எழவிருந்தது எப்பேர்ப்பட்ட சுவர் என்று விளங்கும். டி-1க்கும் டி-17க்கும் நடுவே விடப்பட்ட இடைவெளி சுமார் 9 மீட்டர். இருக்க வேண்டியது 16 மீட்டர்.

2009இல் உத்தரப் பிரதேச அரசு கூடுதல் தளப்பரப்பை விலைக்கு வாங்கிக்கொள்ள வழி திறந்துவிட்டது இதற்குப் பின்னணி. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவை நம்மூரில் எஃப்.எஸ்.ஐ என்று சொல்கிறோமே, அதுதான். அரசுக்கு வருமானம், பில்டருக்குக் கூடுதல் வீடுகள். ஏற்கெனவே பணம் கட்டி வாங்கியவர்களிடம் கேட்க வேண்டுமே என்ற நினைப்பு அங்கே யாருக்கும் வரவில்லை.

வரைபடத்தைக் கேட்டபோது

இந்த வழக்கில் என்னை அதிகம் உலுக்கியது இந்தப் பகுதிதான். தங்கள் குடியிருப்பின் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தைக் காட்டுங்கள் என்று குடியிருப்போர் நலச் சங்கம் நொய்டா ஆணையத்திடம் கேட்டது. வரைபடம் பொது ஆவணம், ஆணையம் பொது அமைப்பு, கேட்பவர்கள் அதே வளாகத்தில் வீடு வைத்திருப்பவர்கள். ஆணையம் என்ன செய்தது? கொடுக்கலாமா என்று பில்டரிடம் கேட்டு எழுதியது. பில்டர் வேண்டாம் என்றார். ஆணையமும் கொடுக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் பின்னாளில் இந்தக் கடிதப் போக்குவரத்தைத் தனியாக எடுத்துப் பேசி, அதிகாரிகளும் பில்டரும் கைகோத்துச் செயல்பட்டதற்கான அடையாளமாகவே அதைப் பார்த்தது. கட்டடங்களுக்கு இடையே உள்ள தூரம் பற்றித் தலைமைத் தீயணைப்பு அதிகாரி ஆணையத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் போகவில்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தீயணைப்பு வண்டி திரும்ப இடம் வேண்டும் என்பது யாருடைய ரசனையையும் பொறுத்த விஷயம் இல்லை, அது உயிர்ப் பிரச்சினை.

மாடி உயர்ந்தது அண்டை அயலாருக்குக் கண்ணால் தெரிந்தது. ஆனால் எத்தனை மாடி, எந்த விதியின் கீழ், யார் அனுமதித்தது என்பதெல்லாம் காகிதத்தில் மட்டுமே இருந்தது. அந்தக் காகிதம் கையில் இல்லாமல் எந்த நீதிமன்றத்தில் போய் என்ன கேட்பது? தகவலை மறைத்தவர்களுக்குக் கட்டி முடிக்க நேரம் கிடைத்தது. கட்டடம் ஓரளவு எழுந்துவிட்டால் இடிக்க மனம் வராது என்ற கணக்கு இந்த நாட்டில் எத்தனையோ முறை பலித்திருக்கிறது.

வீட்டின் மதிப்பு எப்படிக் குறைகிறது

பக்கத்தில் உயரமான கட்டடம் வந்தால் வெளிச்சமும் காற்றும் போகும், காட்சி போகும், ஆகவே விலை குறையும் என்றுதான் பொதுவாகப் பேசுவோம். எமரால்டு கோர்ட்டில் நடந்தது அதைவிட ஆழமானது.

அடுக்குமாடியில் வீடு வாங்குகிறவர் சுவர்களுக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை. கீழே உள்ள நிலத்தில் பிரிக்கப்படாத ஒரு பங்குக்கும் சேர்த்தே கொடுக்கிறார். நம்மூர்ப் பத்திரங்களில் யூ.டி.எஸ் என்று வருவது இது. கட்டடம் பழசாக ஆக அதன் மதிப்பு தேய்கிறது, நிலத்தின் மதிப்புதான் ஏறுகிறது. முப்பது வருடம் கழித்து மறுகட்டுமானம் பேசும்போது கையில் மிஞ்சுவதும் இந்தப் பங்குதான்.

இரட்டைக் கோபுரங்களால் வளாகத்தின் வீடுகள் 650இலிருந்து 1,500க்குப் போகும் என்று உச்ச நீதிமன்றம் குறிப்பிட்டது. மொத்த நிலம் 54,819.51 சதுர மீட்டர். எல்லா வீடும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு தோராயமாக வகுத்துப் பார்த்தேன். 650 வீடுகளுக்கு என்றால் ஒரு வீட்டின் பங்கு ஏறத்தாழ 84 சதுர மீட்டர். 1,500 வீடுகளுக்கு என்றால் 37க்கும் குறைவு. வாங்கியவர் வீட்டை விட்டு நகரவே இல்லை, பத்திரத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, நிலத்தில் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. குத்தகை நிலம் என்பதால் இது சொந்த மண் கணக்கு இல்லை என்று வாதாடலாம். ஆனாலும் பொது இடத்தின் மீதான உரிமை, குடிநீர், லிஃப்ட், வண்டி நிறுத்தம், குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாமே இதே விகிதத்தில்தான் சுருங்கும்.

அதனால்தான் சட்டம் சம்மதம் கேட்கிறது. உத்தரப் பிரதேசத்தின் 1975ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் வந்த 2010ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டமும், விற்ற பிறகு வரைபடத்தை மாற்றிப் பொதுப் பரப்பில் மற்றவர்களின் பங்கைக் குறைப்பதானால் வீட்டுக்காரர்களின் சம்மதம் வேண்டும் என்கின்றன. இங்கே யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டு வாதங்கள், ஒன்றோடொன்று மோதியவை

சங்கம் 2012இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வீட்டுக்கு வீடு பணம் போட்டு வழக்கு நடத்தினார்கள். முன்னின்றவர்களில் ஓய்வுபெற்ற முதியவர்கள் இருந்தார்கள். 2014 ஏப்ரல் 11இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோபுரங்களையும் இடிக்க உத்தரவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது, அங்கே ஏழு வருடம் ஓடியது. அத்தனை காலமும் பாதி எழுந்த கோபுரங்கள் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றன. அப்போது அந்த வீட்டை விற்க நினைத்தவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

உச்ச நீதிமன்றத்தில் பில்டர் தரப்பு எடுத்து வைத்த வாதங்கள், கட்டுமானத் துறையில் வழக்கமாகக் கேட்கும் வாதங்கள்தான். தூரம் குறைவு என்ற குற்றச்சாட்டுக்கு, டி-1உம் புதிய கோபுரங்களும் ஒரே கட்டடத் தொகுதியின் பகுதிகள், ஆகவே இரண்டு தனித்தனிக் கட்டடங்களுக்கு இடையே விட வேண்டிய தூரம் இங்கே பொருந்தாது என்றார்கள். சம்மதம் வாங்கவில்லை என்ற குற்றச்சாட்டுக்கு, புதிய கோபுரங்கள் தனியான கட்டம், பழைய வீட்டுக்காரர்களுக்கு அதில் சம்பந்தமில்லை என்றார்கள். தூரக் கணக்குக்கு ஒரே தொகுதி, உரிமைக் கணக்குக்கு வேறு திட்டம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. நீதிமன்றம் இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டது.

நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு 2021 ஆகஸ்ட் 31இல் தீர்ப்பளித்தது. மூன்று மாதத்தில் இடிக்க வேண்டும், செலவு பில்டருடையது, மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மேற்பார்வை பார்க்க வேண்டும். கோபுரங்களில் வீடு பதிவு செய்தவர்களுக்கு 12 சதவீத வட்டியோடு பணம் திரும்ப வேண்டும். சங்கத்துக்கு 2 கோடி ரூபாய் வழக்குச் செலவு. அதிகாரிகள் மீது வழக்குத் தொடர உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவும் உறுதியானது. ஒரு கோபுரத்தின் ஒரு பகுதியை மட்டும் இடித்துவிட்டு மற்றதைக் காப்பாற்றப் பில்டர் போட்ட மனு அதே ஆண்டு அக்டோபரில் தள்ளுபடியானது.

வென்றவர்களுக்கு என்ன கிடைத்தது

வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி-1 வீட்டுக்காரர் ஒருவர் பத்து வருடம் வெளிச்சம் இழந்ததற்கும், விற்க முடியாமல் தவித்ததற்கும், வீட்டின் விலை தேங்கியதற்கும் தனித்தனியாக இழப்பீடு எதுவும் இந்தத் தீர்ப்பில் இல்லை. 2 கோடி என்பது சங்கத்தின் வழக்குச் செலவுக்கு. தடை அகன்றது, போன காலத்துக்கு விலை போடப்படவில்லை.

மறுபுறம், கோபுரங்களில் வீடு பதிவு செய்தவர்களும் வாங்கியவர்களே. மொத்தம் 633 பேர். அவர்களில் 133 பேர் வேறு திட்டங்களுக்கு மாறினார்கள், 248 பேர் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள், 252 பேர் கடைசி வரை காத்திருந்தார்கள். 2022 மார்ச்சில் சூப்பர்டெக் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. இவர்கள் வேறொருவரின் தோட்டத்தைப் பறிக்க வந்தவர்கள் இல்லை. அரசு முத்திரை விழுந்த வரைபடத்தை நம்பிப் பணம் கட்டியவர்கள். பழைய வீட்டுக்காரர்களிடம் புதிய கோபுரத்தை மறைத்தார்கள், புதியவர்களிடம் பழையவர்களின் உரிமையை மறைத்தார்கள். ஒரே மௌனம் இரண்டு பக்கத்துக் குடும்பங்களையும் கெடுத்தது.

அதுவே மதில் சுவருக்கு அந்தப் பக்கம் என்றால்

எமரால்டு கோர்ட்காரர்கள் வென்றதற்கு ஒரு முக்கியக் காரணம், கோபுரம் அதே வளாகத்துக்குள் வந்தது. விற்றவரே கட்டினார், விதியையும் மீறினார். பெரும்பாலானவர்களுக்கு வரும் சிக்கல் வேறு வகை. பக்கத்து மனை வேறொருவருடையது. அங்கே எல்லா அனுமதியோடும் 15 மாடி எழுகிறது, அல்லது வீட்டு வாசலை உரசிக்கொண்டு மேம்பாலம் வருகிறது. இது வரப்போகிறது என்று தெரிந்துதான் பழைய உரிமையாளர் அவசரமாக விற்றிருக்கிறார். இப்போது வாங்கியவருக்கு என்ன வழி?

சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882இன் 55ஆம் பிரிவு, சொத்திலோ விற்பவரின் உரிமையிலோ உள்ள முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. அந்தக் குறை விற்பவருக்குத் தெரிந்ததாகவும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி. ஆனால் பக்கத்து மனையில் வரும் கட்டடம் இந்தச் சொத்தில் உள்ள குறையா? அப்படி நிரூபிப்பது கடினம். ஒப்பந்தச் சட்டம், 1872இன் 17ஆம் பிரிவைப் பார்த்தால், பேச வேண்டிய கடமை இல்லாதபோது வெறும் மௌனம் மோசடி ஆகாது. 19ஆம் பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. சாதாரண முயற்சியில் உண்மையைத் தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தால், மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. திட்ட அனுமதி அலுவலகத்தில் விசாரித்திருக்கலாமே என்ற ஒரு கேள்வியில் வழக்கு நொண்டிவிடும்.

வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை கேட்கலாம் என்றால், 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 20 வருடம் தடையில்லாமல் அனுபவித்திருக்க வேண்டும் என்கிறது. புதிதாகக் கட்டிய வீட்டுக்கு அது எங்கிருந்து வரும்? ஜன்னல் வழியே தெரியும் ஏரிக்கும் மலைக்கும் அப்படி ஒரு உரிமை கிடையவே கிடையாது.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016 இந்த நிலையைப் பாதி மாற்றியிருக்கிறது. வரைபடத்தை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்களின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. விளம்பரத்தில் சொன்ன பொய்யால் இழப்பு வந்தால் ஈடு கேட்கலாம் என்கிறது 12ஆம் பிரிவு. அனுமதி வரைபடத்தைக் கட்டுமான இடத்திலேயே வைக்கவும் சட்டம் சொல்கிறது. எமரால்டு கோர்ட்காரர்கள் பட்ட பாடு இனி வேண்டாம் என்பது போன்ற ஏற்பாடு. ஆனாலும் இதெல்லாம் அந்தத் திட்டத்தின் எல்லைக்குள் மட்டுமே. மதிலைத் தாண்டினால் பழைய சட்டம்தான்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் இந்த மதிலைத் தாண்டியது. வூர்ஹீஸ் நகரில் மூடப்பட்ட ஒரு குப்பைக் கிடங்குக்குப் பக்கத்தில் புது வீடுகளைக் கட்டி விற்றவர்கள், கிடங்கைப் பற்றிச் சொல்லவில்லை. 150க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வழக்குப் போட்டன. கிடங்கு இருப்பது வீட்டின் எல்லைக்கு வெளியே, ஆகவே சொல்லத் தேவையில்லை என்பது எதிர்வாதம். 1995இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொழில்முறையில் வீடு கட்டி விற்பவருக்கும் அவருடைய தரகருக்கும், வாங்குபவரால் எளிதில் அறிய முடியாத, வீட்டின் மதிப்பைப் பாதிக்கக்கூடிய அக்கம்பக்க விஷயம் தெரிந்திருந்தால் அதைச் சொல்வது கடமை என்றது. அதே வருடம் மாநிலச் சட்டமன்றம் இதற்கென ஒரு சட்டம் இயற்றி, இத்தகைய இடங்களின் பட்டியலை உள்ளூர் நிர்வாக அலுவலகத்தில் வைத்து, வாங்குபவர் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்தது. பட்டியல் வந்ததால் பில்டரின் பொறுப்பு இலகுவானது என்ற விமர்சனம் உண்டு, அது நியாயமானதே. ஆனால் குறைந்தபட்சம் எங்கே போய்ப் பார்ப்பது என்றாவது வாங்குபவருக்குத் தெரிகிறது. நமக்கும் அப்படி ஒன்று வர வேண்டும். ஒரு சர்வே எண்ணைக் கொடுத்தால், சுற்றியுள்ள மனைகளில் நிலுவையில் உள்ள திட்ட அனுமதிகளும் நில எடுப்பு அறிவிப்புகளும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும்.

நம்மூரில் வாங்குபவர் செய்யக்கூடியது

வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது இந்த மனையின் மீது பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். பக்கத்து மனையில் வரும் அடுக்குமாடியோ, எதிரே வரவிருக்கும் மேம்பாலமோ அதில் வராது. பட்டாவும் அப்படியே. அக்கம்பக்கத்துச் சர்வே எண்களை எடுத்துக்கொண்டு, சென்னை என்றால் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் பெருந்திட்ட நில உபயோக வரைபடத்தில் பாருங்கள், மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. அலுவலகத்தில் கேளுங்கள். பக்கத்தில் பெரிய காலி மனை இருந்து, அதன் முன்னால் உள்ள சாலையும் அகலமாக இருந்தால், அங்கே உயரமான கட்டடம் வரும் என்று எடுத்துக்கொண்டே விலை பேசுவது நல்லது. தமிழ்நாட்டு விதிகளில் 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது பல மாடிக் கட்டடம். அதற்கு அனுமதி கிடைக்குமா என்பதைச் சாலை அகலமும் தீர்மானிக்கிறது.

பில்டரிடம் அடுக்குமாடி வாங்குகிறவர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். எல்லா வீடுகளுக்கும் எழுதிக் கொடுக்கும் யூ.டி.எஸ்ஸைக் கூட்டுங்கள். அது மொத்த மனைப் பரப்பைவிடக் குறைவாக இருந்தால், மீதி யார் கையில், எதற்காக நிற்கிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் அடுத்த கோபுரம் ஒளிந்திருக்கும். வரைபடத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள முன்கூட்டியே சம்மதிக்கிறேன் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். இப்படி மொத்தமாக வாங்கும் சம்மதம் செல்லாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2010இலேயே அம்மாநிலச் சட்டத்தின் கீழ் சொல்லியிருக்கிறது. அதற்காக அந்த வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வழக்காட வேண்டியதில்லை.

பழைய வீடு வாங்குவதானால் விற்பவரிடம் வாய்மொழியாக விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள். அக்கம்பக்கத்தில் கட்டுமானமோ, சாலை விரிவாக்கமோ, நில எடுப்போ வருவதாக எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது என்று விற்பனை ஒப்பந்தத்தில் அவரை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பொய் என்று பின்னால் தெரிந்தால் முன்பணமும் செலவும் திரும்ப வர வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள். அப்படி எழுதிவிட்டால் விற்றவர் பிறகு மௌனத்தின் பின்னால் ஒளிய முடியாது. தெரிந்தே சொன்ன பொய்யை ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மோசடி என்றே சொல்கிறது. எழுதித் தரத் தயங்குகிறார் என்றால், முன்பணம் கொடுக்கும் முன்பே அந்தத் தெருவில் இன்னும் நாலு பேரிடம் விசாரித்துவிடுங்கள்.